வலது ஏழு, இடது நாலு

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் நாகேந்திரன் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தான். அதில் கடைசி எட்டு வருஷமும் அவனுக்கு ஒரே வேலைதான். பெட்டிக்குள் போகப்போகிற வலது ஷூவும் இடது ஷூவும் ஒரே அளவுதானா என்று பார்த்து அனுப்ப வேண்டும். எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. ஒரு பெட்டியில் எட்டும் எட்டரையும் கலந்து போனால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். இரண்டையும் எடுத்து அடியோடு அடி ஒட்டிப் பிடித்தால் போதும், நூலளவு வித்தியாசம்கூட அவன் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். ஜோடி சேராததைத் தூக்கிப் பின்னாலிருக்கும் தொட்டியில் எறிவான். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது எறிந்திருப்பான்.

தொண்ணூற்று மூன்றில் அவன் பிச்சாட்டூர்ப் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறியபோது ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் புதுப்புதுக் கம்பெனிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. பத்தாவது படித்திருந்தால் போதும், ஆளை உள்ளே இழுத்துப் போட்டார்கள். அவன் நைனா கங்கையா வாழ்நாளில் பாதி அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். பிறகு சர்க்கார் பட்டா போட்டுக் கொடுத்த இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தில் வேர்க்கடலை போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பையைத் தூக்கியபோது, "போய் நெழல்ல வேல செய்டா" என்று மட்டும் சொன்னார்.

நிழலில் வேலை செய்து சேர்த்ததை வைத்துக்கொண்டு, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் பிறந்த பிறகு, இரண்டாயிரத்து ஐந்தில் நாகேந்திரன் திருப்பதிக்கு வந்தான். எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு சின்னச் செருப்புக் கடை. பின்னால் சரக்கு வைக்க ஒரு அறை. மலையில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கி வருகிறவர்கள் திருப்பதியில் என்றைக்கும் உண்டு. அவர்களுக்கு ரப்பர் செருப்பு விற்றே குடும்பம் ஓடியது. பெரிதாக ஓடவில்லை என்றாலும் நிற்காமல் ஓடியது.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது முழங்காலைக் கையால் ஊன்றி ஊன்றி நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பழுப்பு நிறத்தில் பட்டி வைத்த ஒரு செருப்பைக் காட்டினார்.

"இதே டிசைன்ல ஏழு ஒரு ஜோடி, நாலு ஒரு ஜோடி குடுங்க."

"அம்மாவுக்கும் பொண்ணுக்குமா, மேடம்?"

"ரெண்டும் எனக்குத்தான்."

நாகேந்திரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழாம் நம்பரில் வலதையும் நாலாம் நம்பரில் இடதையும் எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டார். இரண்டு வயதில் வந்த போலியோ, இடது பாதம் குழந்தைப் பாதமாகவே நின்றுவிட்டது. மிச்சமிருந்த இரண்டையும் கல்லாப் பக்கமாகத் தள்ளினார்.

"இத நீங்களே தூக்கிப் போட்ருங்கண்ணா. வீட்டுக்கு எடுத்துக்கினு போனா பாக்குறப்பல்லாம் எரிச்சலா இருக்குது. இருவது வருஷமா இதான் என் பொழப்பு. ஒண்ணு போட்டுக்க, ரெண்டு வாங்கணும்."

அவர் பெயர் தாட்சாயணி. நகரியில் ஆரம்பப் பள்ளி டீச்சர். அவர் போன பிறகு நாகேந்திரன் அந்த மிச்சத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். இடது ஏழு, வலது நாலு. எட்டு வருஷம் தொட்டியில் எறிந்து பழகிய கை. ஆனால் இதை எறிய மனசு வரவில்லை. புதுச் செருப்பு, ஒரு அடிகூடத் தரையில் படாதது. ஒரு கோணிப்பையில் போட்டு உள் அறையில் வைத்தான். அதற்கப்புறம்தான் கவனித்தான், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் தாட்சாயணி டீச்சர் மாதிரி இரண்டு ஜோடி வாங்கிப் பாதியை விட்டுப்போகிறவர்கள் மாதத்துக்கு மூன்று, நான்கு பேர் இருந்தார்கள். பை நிறைந்துகொண்டே வந்தது.

ஒரு வருஷம் கழித்துச் சத்தியவேட்டிலிருந்து செங்கம்மா என்கிற பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் பெயர் ஷோபா. பதினைந்து, பதினாறு வயது. வலது கால் சூம்பி ஒரு அங்குலம் குட்டை. இடது காலில் ஒரு நீலச் செருப்பு, வலது காலில் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள் போடுகிற சிவப்புச் செருப்பு. நாகேந்திரன் அவள் பாதங்களை ஒரு தரம்தான் பார்த்தான். எழுந்து உள்ளே போய்க் கோணிப்பையைக் கவிழ்த்துத் தேடி டீச்சரின் மிச்சத்தைக் கொண்டுவந்து போட்டான். பசை போட்டு ஒட்டியதுபோலப் பொருந்திவிட்டது.

"அண்ணா, கொஞ்சம் நடந்து பாக்கட்டா?" என்றாள் ஷோபா.

ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். மூன்றாவது தரம் திரும்பி வந்தவள் அம்மாவிடம், "ரெண்டு காலும் ஒரே கலரும்மா!" என்றாள். செங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாகேந்திரன் நகரிக்குப் போன் போட்டுச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீச்சர், "அந்தப் பொண்ணு பேரு இன்னா?" என்று கேட்டார்.

அந்த ஒரு போனில்தான் எல்லாம் தொடங்கியது. வலது பெரிதாகவும் இடது சிறிதாகவும் இருக்கிற ஒருத்தருக்கு, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி இன்னொருத்தர் எங்கேயாவது இருக்கத்தான் செய்வார். அவர் திருப்பதிக்கு வருவாரா என்பதுதான் கேள்வி. சிலர் திண்டுக்கல்லில் இருப்பார்கள், சிலர் கோலாப்பூரில் இருப்பார்கள். கம்ப்யூட்டர் பழகியிருந்த டீச்சர் இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தார். 'உங்கள் மறுகால் எங்கேயோ இருக்கிறது' என்று தமிழிலும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் தலைப்பு வைத்தார். பாதத்தைப் பேப்பரில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எந்தக் கால் எவ்வளவு குட்டை என்பதையும் எழுதச் சொன்னார். எதிரும் புதிருமாக இரண்டு பேர் கிடைத்ததும் நாகேந்திரன் இரண்டு அளவில் ஒரே செருப்பை எடுத்து, மாற்றி ஜோடி சேர்ப்பான். குட்டைக் காலுக்கு ரப்பர் ஷீட்டை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி அடியை உயர்த்துவான். இரண்டு பார்சல், இரண்டு ஊர். ஆளுக்கு ஒரு ஜோடிக் காசு மட்டும்.

திண்டுக்கல்லில் ஒரு தவில்காரர், கோலாப்பூரில் ஒரு பேங்க் குமாஸ்தா. இவருக்கு வலது எட்டு, இடது ஐந்து. அவருக்கு அதன் தலைகீழ். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் தீபாவளிக்கு முன்னால் இரண்டு பேரும் போனில் உடைந்த இங்கிலீஷில் பேசிக் கலரை முடிவு செய்துகொண்டு அப்புறம்தான் நாகேந்திரனுக்குச் சொல்வார்கள். ஒரு வருஷம் கறுப்பு வேண்டும், காப்பி நிறம் வேண்டும் என்று இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது. டீச்சர் நடுவில் புகுந்து தீர்த்து வைத்தார்.

இரண்டாயிரத்துப் பதினைந்து தொடக்கத்தில் இப்படி நூற்று நாற்பது பேர் சேர்ந்திருந்தார்கள். நூற்று நாற்பது பேரும் வருஷத்துக்கு ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம்தான் வாங்குவார்கள். எதிர்க்கால் கிடைக்காமல் ஆறு மாதம் காத்திருந்தவர்களும் உண்டு. நாகேந்திரன் மனைவி கல்பனா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஊருல இருக்கறவங்கல்லாம் வாழ்த்துறாங்க. நல்லதுதான். யமுனாவுக்கு இந்த வருஷம் காலேஜு. வாழ்த்த எடுத்துக்கினு போய் ஃபீசு கட்ட முடியுமாங்க?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த வருஷம் யுகாதிக்கு அவள் தம்பி கிரண்குமார் பெங்களூரிலிருந்து வந்தான். ஆன்லைனில் சாமான் விற்கிற ஒரு பெரிய கம்பெனியின் குடோனில் வேலை. கையில் பெரிய போன். கடைக்கு வந்து சரக்கையும் டீச்சரின் பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமா, மொத்தம் எத்தன பேரு?"

"நூத்தி நாப்பது."

"நாட்டுல நூத்தி இருவத்தஞ்சு கோடி பேரு இருக்கறாங்க மாமா. எல்லாருக்கும் காலு இருக்குது. நீங்க போய் நொண்டிக் காலா தேடிப் புடிச்சுக்கினு இருக்கீங்களே! எங்க சைட்ல ஒரு கணக்கு தொறங்க. காஷ்மீர்லேருந்து கன்னியாகுமரி வரைக்கும் உங்க கட தெரியும். ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது பார்சல் போவும்."

நொண்டிக் கால் என்ற சொல் நாகேந்திரனுக்குச் சுருக்கென்றது. ஆனால் 'ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது' என்பதும் காதில் விழுந்தது. அதுதான் தங்கியது. நாற்பத்து மூன்று வயது. ஆம்பூரில் கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு மாடி கட்டிவிட்டார்கள். தானும் ஒரு நாள் பெரிய ஆளாக வேண்டும் என்று அவன் வெளியில் சொன்னதில்லையே தவிர, நினைக்காமல் இருந்ததில்லை.

ஒரு நாள் கடைக்கு வந்த டீச்சரிடம் அதைச் சொன்னான். கடை ஸ்டூலில் உட்கார்ந்து தன் செருப்பின் பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் செருப்பு விக்க ஆயிரம் பேரு இருக்காங்கண்ணா. ஆயிரத்தோட ஆயிரத்தி ஒண்ணா நீங்களும் போவீங்க. எங்களுக்கு நீங்க ஒருத்தருதான்."

"உங்கள வுட்டுட மாட்டேன் டீச்சர். அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ரெண்டையும் பாத்துக்குவேன்."

"பாத்துக்குங்க" என்றார் டீச்சர்.

பொய் சொல்ல வேண்டும் என்று நாகேந்திரன் அதைச் சொல்லவில்லை. இரண்டையும் பார்த்துக்கொள்ள முடியும் என்றுதான் நம்பினான்.

கணக்கு திறந்த மூன்றாம் வாரமே ஆர்டர் கொட்டத் தொடங்கியது. ஆக்ராவிலிருந்து மூட்டை மூட்டையாகச் சாதாரணச் செருப்பு வந்தது. கிரண்குமார் வேலையை விட்டுவிட்டு மாமாவோடு வந்து சேர்ந்தான். ஆர்டர் வந்தால் மறுநாளைக்குள் பார்சல் கட்டி வண்டியில் ஏற்றியாக வேண்டும். தவறினால் சைட்டில் கடை கீழே இறங்கிவிடும், யார் கண்ணிலும் படாது. நாகேந்திரன் காலை ஆறு மணிக்கு லேபிள் ஒட்ட உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பிட எழுந்திருக்கவே நேரமிருக்காது. யமுனா காலேஜில் சேர்ந்தாள். கல்பனா முகத்தில் சிரிப்பு வந்தது. பாதம் வரைந்த படங்கள் மட்டும் போனில் சேர்ந்துகொண்டே போயின. "அடுத்த வாரம் பண்ணித் தர்றேன்" என்று பதில் போட்டான். அடுத்த வாரமும் அதையே போட்டான்.

ஒரு நாள் கிரண்குமார் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா, இந்த ஒத்தச் செருப்பு மூட்டைங்க பதினாலு இருக்குது. எடத்த அடச்சுக்கினு இருக்குது. நாளைக்கு சரக்கு வந்தா எங்க எறக்கறது? பழைய ரப்பர் எடுக்கறவன் வந்திருக்கான், தூக்கிக் குடுத்துடட்டா?"

அந்தப் பதினாலு மூட்டையில் யாருடைய மிச்சம், யாருக்காகக் காத்திருக்கிறது என்று நாகேந்திரனுக்கு மனப்பாடமாகத் தெரியும். அவன் லேபிளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சரி, எடுத்துடு" என்றான்.

அந்த ஐப்பசியில் ஷோபா போன் செய்தாள். இப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. சத்தியவேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் வெட்கம்.

"அண்ணா, தை மாசம் கல்யாணம். ரிசப்சன்ல ரெண்டு மணி நேரம் நிக்கணுமாம். அவுரு நல்ல ஒசரம். நா சாஞ்சுக்கினு நின்னா போட்டோல நல்லாருக்காது. வலது காலுக்கு ஒசரம் வெச்சு, புடவ கலர்ல ஒண்ணு பண்ணித் தர்றீங்களா? அரக்கு கலர்."

"ஏம்மா, உனக்குப் பண்ணாம யாருக்குப் பண்ணப் போறேன்!" என்றான். மனதாரச் சொன்னான். அளவை எழுதிச் சுவரில் ஒட்டினான். அதன் மேல் கிரண்குமார் வேறு என்னென்னவோ காகிதங்களை ஒட்டினான். மார்கழி வந்தது. சங்கராந்தித் தள்ளுபடி என்று சைட்டில் அறிவித்தார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு பார்சல். ஷோபா போன் செய்தபோது நாகேந்திரன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அரக்குக் கலர் ஞாபகத்துக்கு வந்தது. "மறந்துட்டேம்மா" என்று சொல்லியிருக்கலாம். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"அனுப்பிட்டேம்மா. வந்துரும்" என்றான்.

இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து செய்து நாளைக்கு அனுப்பிவிட்டால் அது பொய்யாகாது என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்கு முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் அவள் கேட்டபோது, "தபால்தான் லேட்டாவுது போல. நீ கவலப்படாத" என்றான். அந்த நம்பிக்கையில் அவள் வேறு ஏற்பாடு எதையும் செய்யவில்லை.

கல்யாணத்துக்குத் தாட்சாயணி டீச்சர் போயிருந்தார். மறுநாள் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு வரிகூட எழுதவில்லை. மேடையில் மாப்பிள்ளை, மாப்பிள்ளை வீட்டார், செங்கம்மா, வந்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் ஷோபா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அரக்குப் புடவை பாதத்தை மூடி விரித்து விடப்பட்டிருந்தது.

நாகேந்திரன் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். அடுத்த ஆர்டர் எடுத்தான்.

பெரிய வியாபாரம் மூன்று வருஷம்தான் ஓடியது. அவன் விற்ற அதே செருப்பை அதே போட்டோ போட்டு முப்பது பேர் விற்றார்கள். ஒருவன் இரண்டு ரூபாய் குறைத்தால் மறுநிமிஷம் எல்லாரும் குறைக்க வேண்டியிருந்தது. வாங்கினவர்கள் கல்யாணத்துக்குப் போட்டுவிட்டு, மண்ணோடு திருப்பி அனுப்பினார்கள். புதுச் செருப்பு போன பெட்டியில் தேய்ந்த பழசு திரும்பி வந்தது. அதுவும் இவன் அனுப்பிய சரக்குதான் என்று சைட்காரன் சாதித்தான். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் வாங்கினவர்களில் ஒருத்தருக்குக்கூட நாகேந்திரன் என்று ஒரு ஆள் இருப்பது தெரியாது. அவனுக்கும் அவர்கள் யாரையும் தெரியாது. ஐந்நூறு, ஆயிரம் நோட்டுத் தடை, அதற்கப்புறம் ஜி.எஸ்.டி. வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. தில்லியிலும் ஆக்ராவிலும் குடோனே வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். இவன் கணக்கு கீழே இறங்கி இறங்கி, பதினெட்டாம் வருஷம் ஆடியில் நின்றுபோயிற்று. கிரண்குமார் பழைய குடோனுக்கே திரும்பிவிட்டான். போகும்போது, "மாமா, நாம கொஞ்சம் லேட்டா எறங்கிட்டோம்" என்றான். அவன் மேல் நாகேந்திரனுக்குக் கோபம் வரவில்லை. 'சரி, எடுத்துடு' என்று சொன்னது அவன் வாய் இல்லையே.

மறுபடியும் டீச்சர் திறந்த பக்கத்தைப் பார்த்தான். 'இப்போதைக்குப் புது ஆர்டர் எடுக்கவில்லை' என்ற வரி இரண்டு வருஷமாக மேலே நின்றுகொண்டிருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து நூற்று நாற்பது பேருக்கும் எழுதினான். பத்தொன்பது பேர் பதில் போட்டார்கள். அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர் காலுக்கு ஒருவர் கால் எதிராக வந்தது ஒரே ஒரு ஜோடி. எல்லாரும் கூட்டமாக இருந்தபோதுதான் ஆளுக்கு ஆள் கிடைத்தது. பாதிப் பேர் போனால் பாதி மிஞ்சும் என்று அவன் நினைத்திருந்தான். அப்படி மிஞ்சவில்லை. திண்டுக்கல் தவில்காரர் மட்டும் போன் செய்தார். கோலாப்பூர்க்காரர் தொடர்பு விட்டுப்போய் ஒரு வருஷமாகிறதாம். "செருப்ப விடுங்க. அவரு நல்லாயிருக்காரான்னு தெரிஞ்சா போதும். உங்ககிட்ட நம்பர் இருக்குதா?" என்றார். நாகேந்திரன் போட்டுப் பார்த்தான். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நகரிக்குப் போனான். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். டீச்சர் வேப்பமரத்தடியில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். காலில் புதுச் செருப்பு. வலது ஏழு, இடது நாலு.

"இப்போ எங்க வாங்குறீங்க டீச்சர்?"

"புத்தூர்ல. ரெண்டு ஜோடியாத்தான். மிச்சத்த கடையிலயே வுட்டுட்டு வந்துடறேன். பழசுதானே, பழகிடுச்சு."

"மறுபடியும் ஆரம்பிக்கலாமா டீச்சர்? இந்தத் தடவ வேற எதையும் தொட மாட்டேன்."

அவர் வரிசையில் தள்ளிக்கொண்ட இரண்டு பிள்ளைகளை அதட்டிவிட்டுத் திரும்பினார்.

"அண்ணா, ஒவ்வொருத்தரையும் நா எப்பிடிப் புடிச்சேன்னு உங்களுக்குத் தெரியாது. காலு போட்டோ அனுப்ப வெக்கப்பட்டவங்க எத்தன பேரு! 'அனுப்புங்க, அவுரு நல்ல மனுசன்'னு நாந்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். திரும்பப் போய் அதையே சொல்ல என்னால ஆவாது."

நாகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, "ஷோபா எப்பிடியிருக்குது?" என்று கேட்டான்.

"அம்பத்தூர்ல இருக்கா. ஒரு பொண்ணு பொறந்திருக்குது." டீச்சர் நிறுத்தினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. "அவ இன்னிக்கு வரைக்கும் நீங்க அனுப்பிட்டீங்கன்னுதான் நெனச்சுக்கினு இருக்கா. தபால்ல தொலஞ்சு போச்சாம். கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னால தபாலாபீசுக்குப் போய் தபால்காரர்கிட்ட பெரிய சண்ட. அத்தன பேரு முன்னால திட்டிட்டு, அழுதுட்டு வந்திருக்கா. நீங்க செஞ்சிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும், நா சொல்லல. உங்க மேல அவ்ளோ நம்பிக்க வெச்சிருந்தா. அத ஒடைக்க எனக்கு மனசு வரல."

திரும்பி வரும் பஸ்ஸில் நாகேந்திரனுக்கு வெளியே என்ன ஊர் போகிறது என்பதே தெரியவில்லை. டீச்சர் கொடுத்த நம்பரைப் போனில் பதிந்துகொண்டிருந்தான். இரண்டு தரம் அடித்து, மணி போவதற்குள் கட் செய்தான். பத்து நாள் கழித்து ஒரு காலையில் கடையைத் திறந்ததும் திறக்காததுமாக நின்றுகொண்டே அடித்தான்.

"யாருங்க?"

"நாந்தாம்மா, திருப்பதி செருப்புக் கட நாகேந்திரன்."

"அண்ணா! எப்பிடியிருக்கீங்க? எங்கயோ போய்ட்டீங்கன்னு நெனச்சேன்." குரலில் உண்மையான சந்தோஷம். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஷோபா, ஒண்ணு சொல்லணும். உன் கல்யாணத்துக்கு நா செருப்பு அனுப்பல. செய்யவே இல்ல. அனுப்பிட்டேன்னு பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ உளறுவது கேட்டது. மிக்சி ஓடி நின்றது.

"அப்போ அந்தத் தபால்காரத் தாத்தாவ நா சும்மாவா திட்டினேன்?" என்றாள்.

"ஆமாம்மா" என்றான்.

"அவுரு மூட்டையெல்லாம் கொட்டிக் காட்டினாருண்ணா. பொய் சொல்றீங்க, எவனுக்கோ வித்துட்டீங்கன்னு கத்தினேன். அங்க அவ்ளோ பேரு நின்னுக்கினு இருந்தாங்க."

"நா பண்ணித் தர்றேம்மா. இப்போ வேணும்னாலும்..."

"வாணாண்ணா. இங்க ஆஸ்பத்திரில ஷூ மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுத்திருக்காங்க. போட்டுக்கினு இருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, திட்டாமல், யாரோ மூன்றாம் ஆளிடம் பேசுவதுபோலச் சொன்னாள்: "முடியலன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நா வேற ஏதாச்சும் பண்ணியிருப்பேன். அவ்ளோதாண்ணா. பாப்பா அழுவுது, வெக்கிறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்காமல் நாகேந்திரன் சத்தியவேட்டுக்குப் போனான். தபால்காரர் ஏகாம்பரம் ரிட்டயராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஊரில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். வாசலில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். யார், எங்கிருந்து என்று விசாரித்தார். நாகேந்திரன் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஞாபகம் இல்லாம இன்னா. செங்கம்மா பொண்ணு. கால இழுத்துக்கினு நாலு நாள் தொடர்ந்து வந்துச்சு. புத்தூருக்குப் போன் போட்டேன், திருப்பதிக்குப் போட்டேன். சைக்கிள் பை கிழிஞ்சிருந்துச்சு அப்போ. வழியில எங்கயோ வுழுந்துட்டிருக்கும்னு வந்த வழியெல்லாம் நடந்து பாத்தேன்."

"பெரிய தப்புங்க ஐயா."

"முப்பத்தி நாலு வருஷம் வேல பாத்தேன். ஒரு கடுதாசி தொலச்சதில்லன்னு சொல்லிக்குவேன். அப்புறம் சொல்றத வுட்டுட்டேன். ரிட்டயர் ஆவற அன்னிக்கு மால போட்டுப் பேசச் சொன்னாங்க. அப்பவும் அதச் சொல்லல." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ தொலையல."

"இல்லீங்க. நா அனுப்பவே இல்ல."

ஏகாம்பரம் உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார். நாகேந்திரன் வேண்டாம் என்றான். "வந்த ஊட்ல எதுவும் குடிக்காம போவக் கூடாது" என்று அவர் சொன்னதால் வாங்கிக் குடித்தான்.

"அந்தப் பொண்ணுக்கு இப்பவாச்சும் பண்ணிக் குடுத்தியா?"

"வாணாம்னுடுச்சு."

ஏகாம்பரம் தலையை ஆட்டினார். புத்தூர் பஸ் ஒன்றரைக்குத்தான் என்றும், அதுவரைக்கும் வெயிலில் நிற்க வேண்டாம், இங்கேயே இரு என்றும் சொல்லிவிட்டு மாட்டைக் கவனிக்க எழுந்து போனார். நாகேந்திரன் ஒன்றரை மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.